மீட்டர் பெட்டிக்குக் காவல்

ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் திணித்தாள் ஜெசிந்தா.
"நான் சொல்றவரைக்கும் யார் கேட்டாலும் தராத அண்ணி."
வெள்ளைப் பீங்கான். ஒரு மூலை மூளி.
நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி.
அவள் மாடியேறினாள்.
நான் கீழ்ப்படியில்
மீட்டர் பெட்டிக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தேன்.

கொருக்குப்பேட்டையில் இந்த வீட்டுக்கு
மூன்று போர்ஷன், ஒரே ஃபியூஸ்.
மெயின் கைப்பிடி உடைந்து வருஷமாகிறது.
வாடகை மட்டும் தனித்தனி.

கெஜலட்சுமி எட்டிப் பார்த்தாள்.
"இன்னாக்கா, உளுந்து பாதில நிக்குது."
பின்போர்ஷன் ஜாகிர் வந்தான்,
நைட் ஷிப்ட் கண்கள், வெற்று மார்பில் வியர்வை:
"நீங்க ஃபேன் மாட்ட எங்க ஃபேனை நிறுத்திட்டீங்களே."
சிரித்தபடிதான் சொன்னான்.
ஆனால் நகரவில்லை,
என் மூடிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நேற்றே கொக்கியைச் சுரண்டிப் பார்த்தாள் ஜெசிந்தா.
கடல்காற்று தின்றது மேல்தோலைத்தான்,
உள்ளே இரும்பு இரும்பாக இருந்தது.
அப்படியும் நம்பவில்லை.
ரேஷன் அரிசி மூட்டை, அதோடு இரண்டு தண்ணீர் கேன்,
கயிற்றில் கட்டி விடிய விடியத் தொங்கவிட்டாள்.
நாங்கள் சமையலறையில் கால் மடக்கிப் படுத்தோம்.
ராத்திரி கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மூட்டை இருட்டில் லேசாகத் தலையாட்டியது.
இறங்கவில்லை.

ஏணியைப் பிடித்திருப்பது என் வீட்டுக்காரர்.
வலது கையில் இரண்டு விரல் மடங்காது.
திருவொற்றியூரில் இருந்தபோது ஒரு நாள்
ஃபியூஸைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்துவிட்டு
பல்பு ஹோல்டர் மாற்றிக்கொண்டிருந்தார்.
கழன்று கிடக்கிறதே என்று யாரோ எடுத்துப் போட்டார்கள்,
நல்லெண்ணத்தில்தான்.
யாரென்று இன்றைக்கும் தெரியாது.

ஜன்னல் வழியாக
ஒவ்வொன்றாகச் சேதி இறங்கியது.
டெஸ்டர் எரியல.
ராடு ஏத்தியாச்சு.
பிறகு ஒரு சின்னச் சத்தம், ஜெசிந்தாவின் வசவு.
ஸ்பிலிட் பின் கைதவறி
ஜன்னல் தாண்டிக் கீழே விழுந்துவிட்டது.

"குண்டூசியளவு சாமான்,
ஒரு கம்பியை முறுக்கிக் கட்டக்கூடாதா?" ஜாகிர் கேட்டான்.
மேலேயிருந்து பதில் வந்தது:
"ஒவ்வொரு லாரியும் நட்டை ஒரு நூல் திருப்பும் தம்பி.
ரெண்டு வருஷத்துல மொத்த லாரி எத்தினி, கணக்கு போடு."
அவன் கணக்குப் போடவில்லை.
செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு
சாக்கடை ஓரம் குந்திவிட்டான்.
கெஜலட்சுமியும் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.
எனக்கும் தேட ஆசைதான்.
எழுந்திருக்கவில்லை.

அவன்தான் கண்டெடுத்தான்.
கறுப்புச் சேறு சொட்டச் சொட்ட
மாப்பிள்ளை மோதிரம் போல ஏந்திக்கொண்டு மேலே ஓடினான்.

"அண்ணி, போடு!"
"இறங்கிட்டியா?"
"இறங்கிட்டேன்."
"அவரு?"
"ஏணியே வெளிய வந்தாச்சு."
"ஜாகிரு?"
"இதோ நிக்கிறேன்கா."

பீங்கானைப் பள்ளத்தில் வைத்து அழுத்தப் போனவள்
நின்றேன்.
"கெஜா, கிரைண்டர்ல யாரு கை?"
பதில் இல்லை.
அவள் உள்ளே ஓடும் சத்தம்.
"ஏய், எட்றி கைய! எட்றி!"
அவள் மகள்,
நின்றுபோன குழவியிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள்,
முழங்கைவரை வெள்ளை.
சுவிட்ச் போட்டபடியே கிடந்தது.

இரண்டு நிமிஷம் யாரும் எதுவும் பேசவில்லை.
வீடு வீடாகச் சுவிட்சை அணைக்கச் சொன்னேன்.
மறுபடி ஒருமுறை கேட்டேன்.
பிறகுதான் போட்டேன்.

மீட்டரில் சிவப்புப் புள்ளி சிமிட்டத் தொடங்கியது.
மேலே ஏதோ சுழல்கிறது,
காற்று வருதாம், வந்து பாரென்று கூப்பிடுகிறார்கள்.
உள்ளங்கையில் பீங்கான் விளிம்பு
அச்சாகப் பதிந்திருக்கிறது.
அது மறையட்டும், வருகிறேன்.